காங்கோவில் காய்ச்சலில் செத்த பிள்ளை போர்க் கணக்கில் வராதாம்!

#1 வைகைக்கரையான் (மதுரை)

நேற்று உக்ரைன் திரியில் கணக்குப்பிள்ளை போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டுப் போனார். "காங்கோவில் 54 லட்சம் பேர் செத்தார்கள் என்பது நன்கொடைக்காக ஊதிப் பெருக்கிய கணக்கு, பெரும்பாலும் மலேரியாவிலும் வயிற்றுப்போக்கிலும் செத்தவர்கள், ஏழை நாட்டில் அது எப்போதும் நடப்பதுதான்." படித்துவிட்டு ராத்திரி தூக்கமே வரவில்லை. அந்தத் திரியைக் கெடுக்க வேண்டாம் என்று தனியாகத் திறக்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1998 ஆகஸ்டில் நடு ஆப்பிரிக்காவின் காங்கோ ஜனநாயகக் குடியரசில் இரண்டாம் காங்கோ போர் தொடங்கியது. ஒரு பக்கம் ருவாண்டா, உகாண்டா, புருண்டி. எதிரே அதிபர் கபிலாவின் அரசுக்காக ஜிம்பாப்வே, அங்கோலா, நமீபியா, சாட். 2003இல் போர் முடிந்ததாக அறிவித்தார்கள், கிழக்கில் துப்பாக்கி ஓயவில்லை. சர்வதேச மீட்புக் குழு என்கிற ஐஆர்சி 2000 முதல் 2007 வரை ஐந்து முறை வீடு வீடாகப் போய், உங்கள் வீட்டில் யார் இருந்தார்கள், யார் இறந்தார்கள், எதனால் என்று கேட்டது. கடைசி முறை மட்டும் 14,000 வீடுகள். 1998 ஆகஸ்டிலிருந்து 2007 ஏப்ரல் வரை 54 லட்சம் கூடுதல் மரணம் என்ற எண் அதிலிருந்துதான் வந்தது. குண்டிலும் கத்தியிலும் போனவர்கள் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதி மலேரியா, பேதி, நிமோனியா, பட்டினி. கடைசிக் கணக்கெடுப்பில் இறந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதி ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

1994இல் ஐநா வளர்ச்சித் திட்டத்தின் அறிக்கையில் மஹ்பூப் உல் ஹக் மனிதப் பாதுகாப்பு என்று எழுதினாரே, அதன் பொருளே இதுதான். எல்லையில் சிப்பாய் நின்றால் மட்டும் போதாது, சோறு, மருந்து, குடியிருக்கிற இடம் எல்லாம் சேர்ந்ததுதான் பாதுகாப்பு. பாலத்தை உடைத்து, நர்ஸை விரட்டி, தானியத்தைக் கொள்ளையடித்து, குடும்பத்தையே காட்டுக்குள் துரத்திவிட்ட பிறகு அங்கே காய்ச்சலில் போகிற பிள்ளையை யார் கணக்கில் எழுதுவது? கணக்குப்பிள்ளை பதில் சொல்லட்டும்.

#2 கணக்குப்பிள்ளை (கோவை)

என் பெயரைப் போட்டுத் திரி திறந்தவருக்கு வணக்கம். உருக்கமாக எழுதுகிறீர்கள், உருக்கம் கணக்காகாது.

கூடுதல் மரணம் என்றால் நடந்த சாவிலிருந்து, போர் இல்லாவிட்டாலும் நடந்திருக்கக்கூடிய சாவைக் கழிக்க வேண்டும். கழித்த எண் எவ்வளவு? 1,000 பேருக்கு மாதம் 1.5 சாவு. இது காங்கோவில் அளந்ததா? இல்லை. சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்கா முழுவதன் சராசரி. சர்வாதிகாரி மொபுட்டு 32 வருடம் சுரண்டி ரோடு, ஆஸ்பத்திரி, சம்பளம் எதுவும் இல்லாமல் ஆக்கிவிட்டுப் போன நாட்டுக்கு மொத்த ஆப்பிரிக்காவின் சராசரியைப் போட்டால் விடை எப்படிச் சரியாக வரும்?

கனடாவில் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் மனிதப் பாதுகாப்பு அறிக்கை என்றே ஒரு குழு இருந்தது, ஆமாம், நீங்கள் சொல்கிற அதே மனிதப் பாதுகாப்புதான். அவர்கள் 2010இல் 1.5க்குப் பதில் 2 போட்டுப் பார்த்தார்கள். கடைசி மூன்று கணக்கெடுப்புகளில் வந்த 28 லட்சம், 9 லட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. அரைப் புள்ளியில் 19 லட்சம் பேர் மாயம். முதல் இரண்டு கணக்கெடுப்பும் கிழக்கில் எடுத்தது, அதுவும் சரியாக மாதிரி எடுக்காமல். பெல்ஜிய மக்கள்தொகை ஆய்வாளர்கள் லாம்பெர்ட்டும் லோலே-தார்ட்டும் போட்ட கணக்கு வெறும் 2 லட்சம். 54 எங்கே, 2 எங்கே?

1.5க்கு ஆதாரம் காட்டுங்கள், நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

#3 வல்லைவெளி (ரொறன்ரோ)

முதலில் கொங்கோ என்று எழுதப் பழகுங்கள். காங்கோ என்றால் காங்கேயம் மாதிரி இருக்கிறது.

#4 வைகைக்கரையான்

@வல்லைவெளி, அம்மா, எங்கள் ஊர்ப் பத்திரிகையில் காங்கோதான். அது அப்புறம்.

@கணக்குப்பிள்ளை, 1.5 காங்கோவில் அளக்காத எண், ஒத்துக்கொள்கிறேன். அந்த 2 மட்டும் எங்கே அளந்தது? அந்த நாட்டில் கடைசியாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 1984இல். அதற்குப் பிறகு யாருமே எண்ணவில்லை. உங்களுக்குப் பிடித்த எண் வந்தால் ஆய்வு, பிடிக்காத எண் வந்தால் நன்கொடை வசூலா? இன்னொன்று, ஆப்பிரிக்கச் சராசரி என்று சொல்கிறீர்களே, அந்தச் சராசரிக்குள் ஏற்கெனவே சியரா லியோன், அங்கோலா, சூடான் என்று போர் நடந்த நாடுகளெல்லாம் இருக்கின்றன. அதையும் சேர்த்துக் கழித்த பிறகுதான் இவ்வளவு வருகிறது.

எண்ணை விடுங்கள், கண்ணுக்குத் தெரிகிற ஒன்றைச் சொல்கிறேன். 2018இல் காங்கோவில் எபோலா இரண்டு முறை வந்தது. மே மாதம் மேற்கே ஈக்குவேட்டர் மாகாணத்தில். அங்கே போர் இல்லை. 54 பேருக்குத் தொற்று, 33 பேர் சாவு, ஜூலை 24ஆம் தேதி முடிந்துவிட்டதாக அறிவித்தார்கள். ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 1ஆம் தேதி கிழக்கே வட கிவுவில் வந்தது. அதே நாடு, அதே சுகாதார அமைச்சகம், அதே தடுப்பூசி. ஆனால் அங்கே ஏகப்பட்ட ஆயுதக் குழுக்கள். தடுப்பூசிக் குழுவைக் கல்லால் அடித்தார்கள், சிகிச்சை மையத்தைக் கொளுத்தினார்கள், 2019 ஏப்ரலில் புட்டெம்போவில் ஆஸ்பத்திரிக்குள்ளேயே உலக சுகாதார நிறுவனத்தின் மருத்துவரைச் சுட்டுக் கொன்றார்கள். முடிய 2020 ஜூன் ஆனது. 3,470 பேருக்கு நோய், 2,287 பேர் சாவு. 33க்கும் 2,287க்கும் நடுவில் இருப்பது கிருமியா, துப்பாக்கியா?

#5 கணக்குப்பிள்ளை

> அந்த 2 மட்டும் எங்கே அளந்தது?

இதைத்தானே நானும் சொல்கிறேன்! இரண்டுமே அளக்காதது என்றால் 54 லட்சம் என்று தலைப்புச் செய்தி போடாதீர்கள் என்கிறேன். 1.5ஐ வைத்து வந்த எண்ணை உண்மை என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் நீங்கள்தான்.

எபோலா ஒப்பீடு செல்லாது. ஈக்குவேட்டரில் நோய் பெரும்பாலும் ஒதுக்குப்புறச் சிற்றூர்களில், கிழக்கில் பெனி, புட்டெம்போ இரண்டும் ஜன நெருக்கடியான வியாபார நகரங்கள். கூட்டம் இருக்கிற இடத்தில் தொற்று கூடத்தான் செய்யும்.

அப்புறம் சர்வதேச நீதிமன்றம். உகாண்டா மீது காங்கோ அரசு போட்ட வழக்கில் 2022 பிப்ரவரியில் இழப்பீட்டுத் தீர்ப்பு வந்தது. காங்கோ 1,80,000 பொதுமக்கள் சாவுக்குக் கேட்டது. நீதிமன்றம் 10,000 முதல் 15,000 வரைதான் என்றது. கேட்டது 1,100 கோடி டாலருக்கு மேல், கிடைத்தது 32.5 கோடி. ஹேக்கில் உட்கார்ந்திருந்த நீதிபதிகள் முட்டாள்களா?

முதல் இரண்டு கணக்கெடுப்பை நடத்திய லெஸ் ராபர்ட்ஸ் யார்? 2006இல் ஈராக்கில் 6,55,000 பேர் செத்தார்கள் என்று லான்செட் மருத்துவ இதழில் எழுதிய குழுவில் இருந்தவர். அந்த ஈராக் திரியில் நீங்கள் மூன்று நாள் பதில் சொல்லாமல் காணாமல் போனது எனக்கு நினைவிருக்கிறது.

#6 வைகைக்கரையான்

அந்த மூன்று நாளும் என் மாமனாரை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு அலைந்துகொண்டிருந்தேன். அதை அந்தத் திரியிலேயே சொல்லியும் இருக்கிறேன். இதையெல்லாம் குறித்து வைத்திருக்கிற ஆளுக்கு, செத்த குழந்தைகளைக் குறித்துவைக்க மனசு வரவில்லை பாருங்கள்.

நீதிமன்றம் 15,000 என்றது எதை? உகாண்டா இழப்பீடு தர வேண்டிய சாவுகளை மட்டும். ருவாண்டா செய்தது அதில் இல்லை. ஏழு நாடுகள் புகுந்து அடித்த போரில் ஒரு நாட்டின் பில்லைக் காட்டி மொத்தக் கணக்கு இவ்வளவுதான் என்கிறீர்கள். அதுவும் ஒரு வழக்கில் இழப்பீடு வாங்கத் தேவைப்படுகிற சாட்சியம் வேறு, ஒரு ஊரே எப்படிச் செத்தது என்று தெரிந்துகொள்ளத் தேவைப்படுகிற சாட்சியம் வேறு.

ஆஸ்பத்திரியே இல்லாத நாடு என்றீர்கள். இருந்த ஆஸ்பத்திரி என்ன ஆனது? தெற்கு கிவுவில் லெமேரா என்ற ஊரில் ஆஸ்பத்திரி இருந்தது. 1996 அக்டோபரில் ஆயுதக்காரர்கள் உள்ளே புகுந்து படுக்கையில் கிடந்த நோயாளிகளையும் நர்ஸ்களையும் கொன்றார்கள். அதன் தலைமை மருத்துவர் டெனிஸ் முக்வேகே அன்று வெளியே இருந்ததால் தப்பினார். பிறகு புகாவுவில் பான்சி ஆஸ்பத்திரியைத் தொடங்கினார், 2018இல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கினார். லெமேராவுக்கு நடந்து வந்துகொண்டிருந்த கர்ப்பிணிகள் அடுத்த மாதம் எங்கே போனார்கள்? அதில் பிரசவத்தில் போனவள் போரில் செத்தவள் இல்லை, இயற்கையாகச் செத்தவள், அப்படித்தானே?

#7 கணக்குப்பிள்ளை

லெமேரா 1996. அது முதல் போர். 54 லட்சம் 1998 ஆகஸ்டிலிருந்து. தேதி பார்த்து எழுதவும். 1.5க்கு இன்னும் பதில் வரவில்லை.

#8 தட்டான் (நாகர்கோவில்)

இரண்டு பேரும் சண்டை போடுவது எந்த போனில்? அதற்குள் இருக்கிற டான்டலம் கோல்டான் என்கிற கல்லிலிருந்து வருகிறது. வட கிவுவில் ருபாயா சுரங்கத்தை 2024 ஏப்ரலில் எம்23 கிளர்ச்சிக் குழு பிடித்தது. மாதம் 8 லட்சம் டாலர் வரி வசூல் என்று ஐநா நிபுணர் குழு எழுதியிருக்கிறது. நாம் எல்லாரும் வாடிக்கையாளர்கள். இதைப் பேசாமல் 1.5, 2 என்று என்ன பேச்சு.

#9 வைகைக்கரையான்

தட்டான், அதற்குத் தனித் திரி இருக்கிறது, அதையும் நான்தான் திறந்தேன், ஒரு ஆள் எட்டிப் பார்க்கவில்லை. இங்கே கேள்வி ஒன்றுதான். காய்ச்சலில் செத்த பிள்ளை போரில் செத்ததா இல்லையா.

#10 முன்னாள்ஹவில்தார் (வேலூர்)

வணக்கம். நான் அதிகம் எழுதுவதில்லை. ராணுவத்தில் நர்சிங் அசிஸ்டன்ட்டாக இருந்தேன். 2008இல் ஐநா படையோடு கிழக்கு காங்கோவில் கோமா என்கிற நகரத்தில் இருந்தேன். உங்கள் பேச்சைப் படித்ததும் ஒரு விஷயம் சொல்லத் தோன்றியது.

கோமா முழுக்கக் கறுப்புக் கல். 2002இல் நியிராகோங்கோ எரிமலை வெடித்து ஊருக்குள் ஓடி உறைந்த குழம்பு, அதன் மேலேயே தெரு. மரத்தில் செய்த சுகுடு என்கிற இரண்டு சக்கர வண்டியில் கரியும் உருளைக்கிழங்கும் ஏற்றித் தள்ளிக்கொண்டு போவார்கள். அந்த வருடம் அக்டோபரில் கிளர்ச்சித் தலைவர் என்குண்டாவின் ஆட்கள் கோமாவை நெருங்கிவிட்டார்கள். மசிசி பக்கத்திலிருந்து ஒரு தாய் முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு எங்கள் முகாம் வாசலுக்கு வந்தாள். ஹோமா, ஹோமா என்றாள். சுவாஹிலியில் காய்ச்சல். பிள்ளைக்கு இரண்டு வயது இருக்கும். உள்ளங்கை சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது, கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், சிவப்பே இல்லை. மொழிபெயர்ப்பாளர் மூலமாக ஏன் முன்னாலேயே வரவில்லை என்று கேட்டேன். வழியில் மூன்று தடுப்பு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு கூட்டத்தினுடையது. முதல் தடுப்பில் பணத்தைக் கொடுத்தாளாம். இரண்டாவதில் கோழியைக் கொடுத்தாளாம். மூன்றாவதில் கொடுக்க ஒன்றும் இல்லை, அதனால் ரோட்டை விட்டுக் காட்டுக்குள் சுற்றி வந்தாளாம். அதில் இரண்டு நாள் போய்விட்டது.

பிள்ளை அன்று சாயங்காலம் போய்விட்டது. பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில் மலேரியா என்று எழுதினேன். நான்தான் எழுதினேன். வேறு எதை எழுத முடியும், அந்தக் கட்டம் அவ்வளவுதான் இருந்தது.

#11 வல்லைவெளி

ஹவில்தார் ஐயா, நீங்கள் எழுதியது உண்மை, அந்தத் தாயை நினைத்து அழுதேன். ஆனால் இந்தியப் படை அமைதி காக்கப் போன கதையை எங்களுக்குச் சொல்ல வேண்டாம். 1987இல் எங்கள் ஒழுங்கைக்குள்ளும் அமைதி காக்கத்தான் வந்தவை.

இருந்தாலும் கணக்குப்பிள்ளைக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் எல்லாம் தடை. பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். ஜாம் போத்தலுக்குள் துளி மண்ணெண்ணெய் விட்டுப் படித்தோம். என் அப்பம்மாவுக்குச் சலரோகம். கரண்ட் இல்லை, குளிர்சாதனப் பெட்டி இல்லை, இன்சுலின் கிடைத்தால் ஈர மணல் பானைக்குள் வைப்போம். ஒரு முறை மூன்று கிழமை மருந்தே வரவில்லை. கால் விரலில் தொடங்கிய புண் முழங்கால் வரை ஏறிச் செத்துப்போனா. மரணச் சான்றிதழில் நீரிழிவு என்றுதான் இருக்கிறது. எங்கள் வீட்டில் அந்தச் சான்றிதழை ஒருவரும் நம்பியதில்லை. உங்கள் கணக்கில் அவ 1.5க்குள் வருகிறாவா, வெளியே வருகிறாவா?

#12 முன்னாள்ஹவில்தார்

அம்மா, 1987இல் நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். காங்கோவில் எங்கள் ஆட்களும் செத்திருக்கிறார்கள். 2022 ஜூலையில் புட்டெம்போவில் ஐநா முகாமைச் சூழ்ந்த கலவரத்தில் எல்லைப் பாதுகாப்புப் படையினர் இரண்டு பேர் இறந்தார்கள். போன இடத்திலெல்லாம் சீருடைக்குத் திட்டு வாங்குவது எங்களுக்குப் பழக்கம்தான், ஆனால் பிள்ளையைப் பற்றி எழுதிய இடத்தில் இதை எதிர்பார்க்கவில்லை.

#13 தட்டான்

புட்டெம்போ ஜனங்கள் ஏன் ஐநா முகாமைத் தாக்கினார்கள் என்பதையும் சொல்லுங்கள். 1999இலிருந்து அங்கே இருந்தும் எங்களைக் காப்பாற்றவில்லை என்றுதானே கோபம்?

#14 வல்லைவெளி

அதுதான் நானும் சொல்ல வந்தது.

#15 முன்னாள்ஹவில்தார்

வாசலில் நின்றவனைத் திட்டுவது சுலபம். துப்பாக்கி கொடுத்து அனுப்பிய நாடுகளை இங்கே யாரும் திட்டவில்லை. நான் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

#16 மட்டுறுத்துநர்

ஈழம், இந்திய அமைதிப்படை பற்றிய பேச்சை இங்கே தொடர வேண்டாம். அடுத்த பதிவு நீக்கப்படும். கொங்கோ, காங்கோ இரண்டும் அனுமதி.

#17 கணக்குப்பிள்ளை

வல்லைவெளி, உங்கள் அப்பம்மாவுக்கு என் அனுதாபம், உண்மையாகவே சொல்கிறேன். ஹவில்தார் சாரின் பதிவும் மனதைப் பிசைந்தது. ஆனால் ஒரு பிள்ளை, ஒரு பாட்டி, இதை வைத்து 54 லட்சம் என்று சொல்ல முடியாது. அந்தப் பிள்ளை போரால் செத்ததா என்று கேட்டால் ஆமாம் என்பேன். 54 லட்சமா என்று கேட்டால் இல்லை என்பேன். இரண்டும் வேறு வேறு கேள்வி, வைகை வேண்டுமென்றே இரண்டையும் சேர்த்துக் கட்டுகிறார்.

நான் கோபப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு எண்ணை ஊதி வைத்தால், ஒரு நாள் யாராவது வந்து ஊசியால் குத்துவான். அன்றைக்கு மிச்சமிருக்கிற உண்மைச் சாவையும் சேர்த்துப் பொய் என்பான். எதிராளிக்கு அந்த ஊசியை எடுத்துக் கொடுப்பது உங்களைப் போன்றவர்கள்தான். 1.5, 1.5 என்று நான் தலையில் அடித்துக்கொள்வது அதற்காக.

#18 வைகைக்கரையான்

> அந்தப் பிள்ளை போரால் செத்ததா என்று கேட்டால் ஆமாம் என்பேன்

இதை உக்ரைன் திரியில் ஏன் எழுதவில்லை? அங்கே என்ன எழுதினீர்கள்? "ஏழை நாட்டில் அது எப்போதும் நடப்பதுதான்." இரண்டு நாளாக நான் சண்டை போடுவது அந்த ஒரு வரியோடு. எண்ணோடு இல்லை. அந்த வரியைத் திரும்பப் பெறுங்கள்.

ஊசி குத்துகிறவன் என்றைக்கோ வருவான் என்கிறீர்கள். இப்போது நடப்பதைப் பார்க்கிறீர்களா? 2025 ஜனவரி கடைசியில் எம்23 கோமாவைப் பிடித்தது, பிப்ரவரியில் புகாவு. கோமாவைச் சுற்றி இருந்த முகாம்களில் லட்சக்கணக்கான பேர் பிளாஸ்டிக் தாளைக் குச்சியில் கட்டி அதே எரிமலைக் கல்லின் மேல் படுத்திருந்தார்கள். அந்த முகாம்களையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கக்கூஸ், தண்ணீர்த் தொட்டி, காலரா மருந்து எல்லாம் அங்கேதான் இருந்தன. எரிந்துபோன கிராமத்துக்குத் தாளைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். 1994 ஜூலையில் இதே கோமாவில் ருவாண்டா அகதிகள் வந்து குவிந்தபோது ஒரே மாதத்தில் ஏறக்குறைய 50,000 பேர் செத்தார்கள், பெரும்பாலும் காலராவிலும் சீதபேதியிலும். அதை லாரியில் ஏற்றிய பிணங்களை எண்ணித்தான் தெரிந்துகொண்டார்கள். அங்கே எந்த 1.5ஐக் கழித்தார்கள்? ஒரு நாளைக்கு எத்தனை பிணம் என்று எண்ணினார்கள், அவ்வளவுதான். இன்றைக்குக் கிராமத்துக்குத் திரும்பியவர்கள் சிதறிப் போய்விட்டார்கள், எண்ணுவதற்கு லாரி கூட இல்லை.

காங்கோ பற்றி லான்செட்டில் 2006இல் வந்த கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார்கள், வன்முறையின் பாதிப்பை நீக்கினால் சாவு விகிதம் கிட்டத்தட்டச் சாதாரண அளவுக்கு இறங்கிவிடும் என்று. சண்டை நடந்த வட்டாரத்தில் காய்ச்சல் சாவும் அதிகம், சண்டை இல்லாத வட்டாரத்தில் குறைவு. கொசு இரண்டு இடத்திலும் அதே கொசுதான்.

#19 கணக்குப்பிள்ளை

"சாதாரண அளவு" என்றால்? அந்தச் சாதாரண அளவு எது? அதே 1.5. சுற்றிச் சுற்றி அங்கேயேதான் வந்து நிற்கிறீர்கள்.

வரியைத் திரும்பப் பெற மாட்டேன். அதில் ஒரு தவறும் இல்லை.

#20 தட்டான்

நான் கோல்டான் திரிக்குப் போகிறேன். வருகிறவர்கள் வரலாம்.

#21 வல்லைவெளி

என்னுடைய கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. 1.5க்குள்ளேயா, வெளியேயா?

#22 வைகைக்கரையான்

வெளியே, அம்மா. என் கணக்கில் வெளியேதான். கணக்குப்பிள்ளையின் கணக்கை அவரிடம் கேளுங்கள், நான் இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஹவில்தார் சார், நீங்கள் போய்விடாதீர்கள், அந்தப் பதிவேட்டைப் பற்றி இன்னும் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு மாதத்தில் அந்த மலேரியாக் கட்டத்தில் எத்தனை பெயர் எழுதினீர்கள்?

#23 கணக்குப்பிள்ளை

ஒரு முகாமின் பதிவேட்டை வைத்து நாட்டுக்கே கணக்குப் போடப் போகிறாரா? போடட்டும். சனிக்கிழமை ஐந்து கணக்கெடுப்பையும் வரிசையாக எடுத்துப் போடுகிறேன், அதுவரை 1.5க்கு யாராவது ஆதாரம் கொண்டுவந்து வையுங்கள்.